பண்டிகை நாளும் கூலி நாளும்: அயல்நாட்டுத் தொழிலாளியின் திருநாள் புனைகதையில் பெறும் இடம்

பொருள் தேடிப் பிரிந்து சென்றவன் திருநாளுக்கு வீடு திரும்புவானா என்னும் கேள்வி தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. அகநானூற்றில் நக்கீரர் பாடிய 141ஆம் பாடல் இக்கேள்வியையே தன் உயிராகக் கொண்டுள்ளது. மழை ஓய்ந்த வானத்தில் நிறைமதி கார்த்திகை விண்மீன்களோடு கூடும் நள்ளிரவு, தெருவெங்கும் விளக்குகள், மாலைகள் தொங்கும் பழைமையான ஊர். அந்த விழாவைத் தம்மோடு கூடிக் கொண்டாட அவன் வந்துவிட வேண்டும் என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். கனவும் நல்லதாக இருக்கிறது, நிமித்தமும் நல்லதாக இருக்கிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள். அவன் தேடிச் சென்ற செல்வத்தின் அளவைச் சொல்லக் கரிகாலனின் இடையாறு என்னும் ஊர் உவமையாகிறது. பச்சை அவல் இடிக்கும் உலக்கை ஒலிகூடப் பாட்டில் உண்டு.

இத்தனையும் பாடிய புலவர் ஒன்றை மட்டும் பாடவில்லை. அந்தக் கார்த்திகை இரவில் தலைவன் எங்கே இருந்தான், எதை உண்டான், யாரோடு இருந்தான் என்பது பாட்டில் இல்லை. பாலைத் திணையின் மரபுப்படி அவன் சுரத்து வழியில் இருக்கிறான், அவ்வளவே. ஊரில் விளக்கு எரிகிறது, அவன் இருக்கும் இடம் இருளாகவே இருக்கிறது. இதனைப் புலவரின் குறையென்று சொல்லுதல் பொருந்தாது. அகமரபில் விழா என்பது ஊருக்கு உரியது. ஊரை விட்டவனுக்கு விழா இல்லை. கடல் கடந்து பொருள் தேடச் செல்வோன் பெண்டிரை உடன்கொண்டு செல்வதில்லை என்று தொல்காப்பியம் வகுத்த வழக்கும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. அவ்வழக்கு வேலை அனுமதிச் சீட்டின் நிபந்தனையாக இன்றும் உயிரோடிருப்பதை மாணவர்க்குச் சுட்டிக்காட்டும் ஆசிரியர், பழைய இலக்கணம் பழையதாகிவிடவில்லை என்பதை எளிதில் விளக்கிவிடலாம்.

அகநானூறு இருளில் விட்ட அந்த இடத்திற்கு வெளிச்சம் கொண்டுவர வேண்டிய பொறுப்பு இக்காலப் புனைகதையைச் சார்ந்தது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதை அப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றியிருக்கிறது என்பதே இங்கு ஆராயப்படுவது.

இந்நாடுகளில் சிறுகதையை வளர்த்தவை நாளிதழ்களே. 1924இல் தோன்றி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் ஞாயிறு மலர்களிலும் பண்டிகை மலர்களிலும் கதைகளுக்கு இடமளித்தன. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு பலரை எழுதத் தூண்டியது. இந்தச் சூழலில் தீபாவளி மலர், பொங்கல் மலர் ஆகியவற்றின் தேவை பெரிது. மலருக்கு ஏற்ற கதை வேண்டும். மலருக்கு ஏற்ற கதையில் பண்டிகை வேண்டும். பண்டிகையில் கொஞ்சம் கண்ணீரும் இருந்தால் படிப்பவர் மனத்தில் நிற்கும். பத்திரிகையாசிரியர் கேட்டது அது, எழுத்தாளர் கொடுத்ததும் அது. இதில் எவரையும் நொந்துகொள்ள இடமில்லை. எனினும், ஒரு பொருளைப் பற்றிய கதைகளில் பெரும்பகுதி ஆண்டின் ஒரே வாரத்தில் படிக்கப்படுவதற்காக எழுதப்படுமாயின், அந்த வாரத்தின் நிறம் அக்கதைகள் மீது படியாமல் போகாது.

அந்த நிறத்தை மலர்களைத் தொடர்ந்து படித்தவர் எவரும் அறிவர். கதை பெரும்பாலும் ஒரு கடிதத்தோடு தொடங்கும். முற்காலத்தில் அது வான்கடிதம். பின்னர்த் தொலைபேசி அழைப்பு. இப்போது கைப்பேசியில் வரும் குரல் பதிவு. தங்கையின் திருமணம், தந்தை பட்ட கடன், அடகில் இருக்கும் நிலம் ஆகிய மூன்றில் ஒன்று கடிதத்தில் இருக்கும். தொழிலாளி தனக்கென வாங்க எண்ணியிருந்த சட்டையை வாங்காமல் பணத்தை ஊருக்கு அனுப்புவான். பண்டிகை நாளில் தனியே அமர்ந்து தாயின் கைப்பக்குவத்தை நினைப்பான். கண்ணில் நீர் துளிர்க்கும். சில கதைகளில் அன்று மாலை தாயின் மரணச் செய்தியும் வந்து சேரும். கதைத் தலைப்பில் ‘இருட்டு’, ‘ஒளி’ என்னும் சொற்களில் ஒன்று இருந்தே தீரும்.

இவற்றில் பொய்யில்லை. கடனும் தங்கையும் அடகு நிலமும் உண்மையே. ஆனால் உண்மையான செய்தி ஒன்று நூறு முறை ஒரே வரிசையில் சொல்லப்படும்போது, கதைமாந்தன் மனிதனாக இருப்பதை விட்டுப் பண்டிகைக்குரிய பொருள்களுள் ஒன்றாகிவிடுகிறான். அதிரசம், மத்தாப்பு, புத்தாடை, ஏக்கத்தோடு ஒரு தொழிலாளி. இத்தகைய கதையைப் படித்து முடித்தவர் அத்தொழிலாளியைப் பற்றி எதை அறிந்துகொண்டார் என்று கேட்டால், அவன் ஏங்கினான் என்பதைத் தவிர விடையில்லை. அவன் செய்யும் வேலை யாது? கம்பி கட்டுபவனா, பலகை அடிப்பவனா, கப்பல் பட்டறையில் பற்றவைப்பவனா? அவனுடைய வாரத்தில் பண்டிகை நாள் எந்தக் கிழமையில் வந்து விழுந்தது?

கடைசிக் கேள்வி அற்பமானதன்று. தீபாவளி சிங்கப்பூரில் பொது விடுமுறை நாள். ஞாயிறன்று வருமாயின் மறுநாள் திங்கள் விடுமுறையாகும். பொது விடுமுறையில் வேலை செய்பவருக்கு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி ஒரு நாளின் அடிப்படை ஊதியம் கூடுதலாக வழங்கப்பட வேண்டும். ஆகவே தொழிலாளியின் முன் ஆண்டுதோறும் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சிராங்கூன் சாலைக்குச் செல்வதா, அன்றி வழக்கம்போல் லாரியின் பின்தட்டில் ஏறி வேலையிடத்திற்குச் சென்று இரட்டைக் கூலி பெறுவதா? மேற்பார்வையாளர் முந்தைய வாரமே பெயர் கேட்டு எழுதிக்கொள்வார். பெயர் கொடுப்பவன் பண்டிகையை விற்கிறான். கொடுக்காதவன் பண்டிகையை விலை கொடுத்து வாங்குகிறான். முகவர்க்குக் கொடுத்த பணத்தின் கடன் தீராத முதலாண்டில் ஒரு விடையும், மூன்றாம் ஆண்டில் வேறொரு விடையும் ஒருவனிடமே இருத்தல் கூடும். அறையிலுள்ள மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் கணக்கில் சேரும். பண்டிகையன்று வேலைக்குப் போனதை ஊருக்குச் சொல்வதா மறைப்பதா என்பது அடுத்த கேள்வி. பலரும் மறைக்கவே விரும்புவர். தாயிடம் புத்தாடை உடுத்தியதாகச் சொல்லி, வேலையுடுப்புத் தெரியாதபடி முகத்தை மட்டும் கைப்பேசிக்குக் காட்டும் மகன் ஒருவனைக் கற்பனை செய்து பார்த்தால், அதில் ஒரு சிறுகதைக்குரிய முரண் முழுமையாகவே இருப்பது தெரியும். அங்குக் கண்ணீருக்குத் தேவையே இல்லை.

விடுமுறை விற்கப்படும் பொருளாகிறது என்னும் இந்தச் செய்தி மலர்க் கதைகளில் அரிதாகவே காணப்படுகிறது. காரணம் தேடின், ஏங்குபவன் தூயவனாக இருக்க வேண்டும் என்று எழுதுவோர் எண்ணுவதே எனலாம். கணக்குப் பார்ப்பவன் ஏங்கமாட்டான் என்பது ஒரு தவறான எண்ணம். கணக்குப் பார்த்துக்கொண்டே ஏங்குவதுதான் கூலி வாழ்க்கை.

பொங்கலின் நிலை இன்னும் வேறு. தமிழ்நாட்டில் பொங்கலையொட்டித் தொடர்ந்து சில நாள்கள் விடுமுறை. சிங்கப்பூரில் அது விடுமுறையன்று. தைப்பூசம் ஒரு காலத்தில் பொது விடுமுறையாக இருந்து, 1968ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் பட்டியலிலிருந்து நீங்கியது. சாரங்கபாணியும் அவரோடு நின்றோரும் 1952இல் தைத் திங்களில் தமிழர் திருநாளைத் தொடங்கியது சமயம் கடந்து தமிழர் அனைவரையும் ஒன்றுசேர்ப்பதற்காக. அது மேடையும் கலைநிகழ்ச்சியும் போட்டிகளும் கொண்ட விழா. விடுதியில் வாழும் தொழிலாளிக்குப் பொங்கல் அவ்வாறு வருவதில்லை. தை முதல் நாள் புதன்கிழமையாயின், அன்று அவனுக்குப் புதன்கிழமையே. இரவு ஏழு மணிக்கு மேல் திரும்பி, பொது அடுப்பில் வரிசை பார்த்துப் பானை ஏற்றுவதும் உண்டு. அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பொங்கலைத் தள்ளிவைப்பதும் உண்டு. சூரியனுக்குரிய விழாவை இரவில் வைப்பது முறையா என்று அறையில் ஒருவர் கேட்க, நிலம் இல்லாத இடத்தில் முறை எங்கிருந்து வரும் என்று மற்றொருவர் விடையிறுக்கலாம். வேளாண் குடியில் பிறந்து, நிலம் பொய்த்ததால் கட்டடத் தொழிலுக்கு வந்தவனுக்கு உழவர் திருநாள் என்பது இழந்த தொழிலின் நினைவு நாளுமாகும். தீபாவளிக் கதைகளைவிடப் பொங்கல் கதைகளில் ஆழம் காண வாய்ப்பு மிகுதி. எழுதப்பட்டவை குறைவு.

இவ்விடத்தில் தோட்டப்புறக் கதைகளோடு ஒப்புநோக்குதல் பயனுடையது. ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாக வந்தவர்களும் அயல்நாட்டுத் தொழிலாளர்களே. ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்பட்டது. உதவி பெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது. அதுவரை வந்தவர்களும் ஊர் திரும்பும் எண்ணத்தோடுதான் வந்தார்கள். ஆனால் அவர்கள் லயத்தில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், தோட்டத்துக்கொரு மாரியம்மன் கோயில் எழுப்பினார்கள். திருவிழாவுக்குத் தோட்டமே ஒன்றுகூடியது. ஊரிலிருந்து தெய்வத்தை அழைத்து வந்து நட்டுவிட்ட பிறகு அந்த இடமே ஊராகிவிடுகிறது. சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் எழுந்ததும் இந்த மனப்போக்கின் பயனே. தோட்டப்புறக் கதையில் வரும் திருவிழா, துயரம் நிறைந்ததாயினும், வேரூன்றுவதைப் பற்றியது.

இரண்டாண்டு வேலை அனுமதியோடு வருபவன் கோயில் கட்டப் போவதில்லை. பிறர் கட்டிய கோயிலின் வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறான். அவன் கட்டுவது அடுக்குமாடிகளையும் சுரங்க ரயில் பாதைகளையும். இந்த வேறுபாட்டை உணராமல், லயத்துக் கதையின் அச்சிலேயே விடுதிக் கதையையும் வார்த்தெடுக்க முயல்வதால்தான் பல படைப்புகள் கால் ஊன்றாமல் தடுமாறுகின்றன. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடினார், புதுமைப்பித்தன் 1935இல் ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டினார், அகிலன் 1977இல் ‘பால்மரக்காட்டினிலே’ எழுதினார். மூன்றும் தோட்ட வாழ்வின் கொடுமையை வெளியிலிருந்து பார்த்து நெஞ்சுருகிய படைப்புகள். அம்மரபின் இரக்கம் மதிக்கத்தக்கது. விடுதியை எழுதுவதற்கு அது மட்டும் போதாது.

வந்து போகிறவனின் மனத்தை எழுதியவர்களில் ப. சிங்காரத்திற்கு ஈடில்லை. 1938இல் மேடானுக்கு வேலைக்குச் சென்று, போர்க்காலத்தை அப்பகுதியிலேயே கழித்து, 1946இல் தமிழகம் திரும்பியவர் அவர். ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல்தான் நூலாக வந்தது. செட்டியார் வட்டிக்கடைகளின் அடுத்தாள், பெட்டியடிப் பையன் ஆகியோரும், கணக்கு முடித்து ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்த அயல்நாட்டுத் தொழிலாளர்களே. அந்நாவலில் பாண்டியனின் நினைவில் சின்னமங்கலமும் மதுரையும் எழும்போது ஆசிரியர் ஏக்கம் என்னும் சொல்லைத் தேடிப் போவதில்லை. கடைகளின் பெயர், தெருக்களின் பெயர், பண்டங்களின் பெயர், சந்தைக்கு வந்தவர்களின் பேச்சு என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிறார். பெயர்கள் பெருகப் பெருக, அவை இல்லாத இடத்தில் ஒருவன் நின்று நினைக்கிறான் என்பது தானாகவே புலப்படுகிறது. இது பண்டிகைக் கதை எழுத விரும்பும் மாணவர்க்கு நேரடியான பாடம். ‘அம்மா சுட்ட பலகாரம்’ என்று எழுதுவதற்கும், எந்தப் பாத்திரத்தில், எந்த எண்ணெயில், யார் முதல் முறுக்கைப் பிழிய, எவருக்குத் தெரியாமல் எத்தனை எடுத்துத் தின்றான் என்று எழுதுவதற்கும் உள்ள தொலைவு பெரிது.

சிங்காரத்தைவிடவும் இங்கு முதன்மையாக எண்ணத்தக்க மற்றொருவர் உண்டு. கு. அழகிரிசாமி 1950களில் கோலாலம்பூரில் தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் பணியாற்றி, 1957இல் தமிழகம் திரும்பினார். அவரும் இந்நாட்டில் அயல்நாட்டுத் தொழிலாளியாகத் தீபாவளிகளைக் கழித்தவரே. ஆயினும் அவருடைய புகழ்பெற்ற தீபாவளிக் கதையான ‘ராஜா வந்திருக்கிறார்’ மலாயாவுக்கு வரும் முன்னரே எழுதப்பட்டது. அதன் களம் கரிசல் நாட்டுச் சிற்றூர். அதில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. இருப்பினும், ஊரைவிட்டு வந்தவனின் பண்டிகையை எழுதுவது எப்படி என்பதை அக்கதை கற்பிக்கும் அளவுக்கு வேறெதுவும் கற்பிப்பதில்லை.

கதை யாவரும் அறிந்தது. ஏழைத் தாய் தாயம்மாளின் பிள்ளைகள் பண்டிகைக்கு முன் செல்வர் வீட்டுப் பையனோடு புத்தகத்துப் படங்களைக் காட்டிப் போட்டியிடுகிறார்கள். செல்வர் வீட்டுக்கு ராஜா வரப்போகிறார் என்பது ஊர்ப்பேச்சு. தாயம்மாள் வீட்டுக்கு வருபவனோ எவருமற்ற, உடுக்கத் துணியற்ற ஒரு சிறுவன். அவன் பெயரும் ராஜா. தாயம்மாள் அவனுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். தன் பிள்ளைகளுக்குப் புத்தாடை உண்டு, அவனுக்கு இல்லை. கணவனுக்கென்று வாங்கி வைத்திருந்த துண்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுப்பதற்குமுன் அவள் மனம் தயங்குகிறது. பிறகு கொடுக்கிறாள். மறுநாள் குழந்தைகள் தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சொல்லிக்கொள்ள முடிகிறது.

இக்கதையின் உயிர் அந்தத் தயக்கத்தில் இருக்கிறது. தாயம்மாள் தயங்காமல் கொடுத்திருந்தால் அவள் நீதிக்கதையின் பாத்திரமாகியிருப்பாள். கொடுக்காமலிருந்தால் கதை ஏழ்மையின் குற்றப்பத்திரிகையாகியிருக்கும். ஒரு துண்டின் விலையை நன்றாக அறிந்தவள், அதை அறிந்துகொண்டே கொடுக்கிறாள். அதோடு, வந்த சிறுவனின் மனத்துயரை ஆசிரியர் பக்கம் பக்கமாக விவரிப்பதும் இல்லை. பண்டிகை அவனை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதையே எழுதுகிறார். கதவு திறந்தவர் யார், திறக்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதே கதை.

இந்த உரைகல்லில் இந்நாட்டு மலர்க் கதைகளை உரசிப் பார்த்தால் ஒரு குறை பளிச்சென்று தெரிகிறது. அவற்றில் தொழிலாளி இருக்கிறான். தொலைவில் அவன் ஊர் இருக்கிறது. அவன் நின்றுகொண்டிருக்கும் நகரம் இல்லை. சிராங்கூன் சாலையின் அலங்கார விளக்குகள் வருணனைக்காக வருகின்றன. அந்த விளக்குகளின் கீழ் அவனோடு தோள் உரசிச் செல்லும் உள்ளூர்த் தமிழன் வருவதில்லை. அவ்வுள்ளூர்த் தமிழனே கதையை எழுதுபவனும் படிப்பவனுமாக இருப்பதால், தன்னைக் கதைக்கு வெளியே வைத்துக்கொள்வது அவனுக்கு வசதியாகிறது. ஏங்குபவன் மீது இரக்கம் காட்டுவது எளிது. துண்டைக் கொடுப்பதா வேண்டாமா என்று தானே தயங்கிய நேரத்தை எழுதுவது எளிதன்று.

தயக்கம் இல்லாமலில்லை. ஞாயிறு மாலைகளில் தேக்கா வட்டாரத்துத் திறந்தவெளிகளில் தொழிலாளர் கூடுவதைப் பற்றி உள்ளூர்வாசிகள், அவர்களுள் தமிழரும், சலித்துக்கொண்டதைப் பலர் கேட்டிருப்பர். 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில், பேருந்தில் அடிபட்டுத் தமிழகத் தொழிலாளர் ஒருவர் இறந்ததையொட்டிக் கலவரம் மூண்டது. அதற்குப்பின் உள்ளூர்த் தமிழர் பலரிடம் எழுந்த முதல் உணர்ச்சி, தங்களையும் அவர்களோடு சேர்த்து எண்ணிவிடுவார்களோ என்னும் அச்சம். பாட்டன் ரஜூலா கப்பலின் தளத்தில் படுத்து வந்திறங்கியவர். பேரனுக்கு அந்த அச்சம். ஒரு சமூகத்தின் மனச்சான்று சோதனைக்குள்ளாகும் இத்தகைய இடத்தில்தான் புனைகதைக்கு வேலை இருக்கிறது. தீபாவளி விருந்துக்கு அலுவலக நண்பர்களை, அவர்கள் எந்த இனத்தவராயினும், அழைக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், தன் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தைச் செப்பனிட வந்த மன்னார்குடி இளைஞனை அழைக்குமா? அழைத்தால் அவன் எந்த நாற்காலியில் அமர்வான்? அழைக்காவிட்டால், அன்று காலை மின்தூக்கியில் அவனைச் சந்திக்கும்போது ‘தீபாவளி வாழ்த்துகள்’ என்று சொல்வார்களா? இவை சிறிய கேள்விகள். ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையின் கேள்வியும் ஒரு துண்டின் அளவே.

2020ஆம் ஆண்டு இவ்வகையில் தனியே நோக்கத்தக்கது. நோய்த்தொற்றுக் காரணமாக ஏப்ரல் தொடக்கத்திலிருந்து விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. விடுதிகளில் வாழ்ந்தோர் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவ்வாண்டு ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள். அதே நாள் வங்கதேசத்தவரின் பொய்லா பொய்ஷாக் புத்தாண்டும்கூட. ஒரே அறையின் இரட்டைக் கட்டில்களில் மேல்தட்டில் ஒரு புத்தாண்டும் கீழ்த்தட்டில் ஒரு புத்தாண்டும் பிறந்தன. இருவருக்கும் உணவு வெளியிலிருந்து பொட்டலமாக வந்தது. மே 24 அன்று நோன்புப் பெருநாளும், நவம்பர் 14 அன்று தீபாவளியும் கட்டுப்பாடுகளுக்குள்ளேயே கழிந்தன. விடுதித் தொழிலாளரில் ஒரு சிறு தொகையினரை முன்னோடித் திட்டத்தின்கீழ் லிட்டில் இந்தியாவுக்கு அனுமதித்தது 2021 செப்டம்பரில்தான். அக்காலத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நன்றியுணர்ச்சியும் கழிவிரக்கமும் மிகுதி. தமிழனும் வங்காளியும் ஒருவர் புத்தாண்டை ஒருவர் அறிந்துகொண்டார்களா, எந்த மொழியில் வாழ்த்திக்கொண்டார்கள் என்பதை எழுத முன்வந்தவர் மிகச் சிலரே. பண்டிகையை இனத்தின் தனிச்சொத்தாகவே எழுதிப் பழகிய கைக்கு, அருகில் இருந்த கட்டில் தெரியாமல் போவதில் வியப்பில்லை.

பெண்களின் பக்கம் இன்னும் மங்கலாகவே இருக்கிறது. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வீட்டு வேலைக்கு வரும் பெண்களை வேலைவாய்ப்புச் சட்டம் உள்ளடக்குவதில்லை. ஆகவே பொது விடுமுறை அவர்களுக்கு உரிமையாக வருவதன்று. வாரம் ஒரு நாள் ஓய்வு என்னும் விதி 2013இல் வந்தது. அந்த ஓய்வையும் ஊதியமாக மாற்றிக்கொள்ள இடமிருந்தது; மாதத்தில் ஒரு நாளையேனும் அவ்வாறு மாற்ற இயலாது என்னும் நிலை 2023இல் ஏற்பட்டது. தமிழ்க் குடும்பத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குத் தீபாவளி ஆண்டின் மிகக் கடுமையான வேலை நாள். முந்தைய வாரம் முழுதும் வீட்டைத் துடைத்து, முறுக்குப் பிழிந்து, பாகு காய்ச்சி, அன்று காலை எல்லார்க்கும் எண்ணெய் எடுத்து வைத்து, விருந்தினர் சென்றபின் பாத்திரம் கழுவுகிறாள். தீபாவளியின் மணமும் ஓசையும் சுவையும் முழுமையாக அவள் கைவழியே செல்கின்றன. அத்தனையும் பிறருடைய பண்டிகை. கட்டடத் தொழிலாளிக்குப் பண்டிகை எட்டாத தொலைவில் இருக்கிறது. இவளுக்கோ கைக்கெட்டும் இடத்தில், அடுப்பின்மேல் இருக்கிறது. மலர்க் கதைகளில் இப்பெண் வருவாளாயின், பெரும்பாலும் கதையின் இறுதியில் ஒரு புடவை பெற்றுக்கொள்வதற்காகவே வருகிறாள். புடவையைக் கொடுத்த கை உயர்ந்தது என்று படிப்பவர் நிறைவடைவதோடு கதை முடிகிறது. அதே புடவை அவளுக்குப் பிடித்திருந்ததா என்று கேட்கும் கதை வருமாயின், அன்று இத்துறையில் ஒரு படி ஏறியதாகக் கொள்ளலாம்.

தொழிலாளர்களே எழுதத் தொடங்கியிருப்பது நல்ல அறிகுறி. சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர் கவிதைப் போட்டி 2014இல் வங்காளமொழித் தொழிலாளர்களுக்கெனத் தொடங்கிப் பின்னர்த் தமிழ் உள்ளிட்ட பிறமொழியாளர்க்கும் விரிவடைந்தது. வங்கதேசத்துத் தொழிலாளரான முகமது ஷரிஃப் உதினின் நாட்குறிப்பு நூல் ‘ஸ்ட்ரேஞ்சர் டு மைசெல்ஃப்’ என்னும் பெயரில் ஆங்கிலத்தில் 2017இல் வெளிவந்து, மறு ஆண்டு சிங்கப்பூர்ப் புத்தக விருதும் பெற்றது. நாட்குறிப்பு என்னும் அவ்வடிவம் கருதத்தக்கது. நாட்குறிப்பில் பண்டிகை நாளுக்கு முன்னும் பின்னும் பிற நாள்கள் நிற்கின்றன. மலர்க் கதை அந்த முன்னையும் பின்னையும் அறுத்தெறிந்துவிட்டு ஒரு நாளை மட்டும் தட்டில் வைக்கிறது. தமிழ்த் தொழிலாளர் கவிதைகளிலும் மலர்க் கதைகளின் சொற்களே மீண்டும் தலைகாட்டுவது உண்டு. தாம் எப்படி எழுதப்பட்டார்களோ அப்படியே தம்மை எழுதிக்கொள்ளும் அந்நிலை வருந்தத்தக்கது. தேர்வாளர்களாக அமரும் தமிழாசிரியர்கள், ‘தாய்மண்’, ‘கண்ணீர்’ என்னும் சொற்கள் நிறைந்த கவிதைக்கு முதல் மதிப்பெண் வழங்குவதைச் சற்று நிறுத்திவைத்து, சிமெண்டு படிந்த கையில் மருதாணி நிறம் பிடிக்குமா என்பது போன்ற ஓர் எளிய கேள்வியை எழுப்பும் கவிதைக்கு அதை வழங்கிப் பார்க்கலாம்.

அகநானூற்றுத் தலைவியின் குரலும் இன்று புதிய வடிவில் எழுதப்படக் காத்திருக்கிறது. சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியக் கடிகாரத்திற்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. ஊரில் விடியற்காலை நான்கு மணிக்கு எண்ணெய்க் குளியல் தொடங்கும்போது இங்கு ஆறரை மணி. பெயர் கொடுத்தவன் லாரியில் ஏறும் நேரம். பட்டாசுக்கு இங்கு 1972 முதல் தடை. ஆகவே அவன் அன்று கேட்கும் வெடியோசை முழுவதும் கைப்பேசி வழியாக ஊரிலிருந்து வருவது. மறுமுனையில் கைப்பேசியைப் பிடித்திருப்பவள் அவனைத் திரையில் பார்க்கிறாள். நக்கீரரின் தலைவிக்குத் தெரியாதிருந்தது இவளுக்குத் தெரிகிறது: அவன் எங்கே இருக்கிறான், என்ன உடுத்தியிருக்கிறான், பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம். லாரி கிளம்பும் ஓசையும் அவள் காதில் விழுந்திருக்கும். குழந்தையை அழைத்து அப்பாவிடம் மத்தாப்பைக் காட்டச் சொல்லிவிட்டு, அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்காமலிருக்கிறாள்.